திருநவேலி வெயிலுக்கு துலிப்பா, சியாம் துலிப்பா, இல்ல நம்ம லில்லியே போதுமா?

போன மாசம் மைனி, எங்க அண்ணன் பொண்டாட்டி, போன் போட்டாவ. "ஏளா, நீதான் கிழங்குச்செடியா வாங்கி வச்சிப் பாத்துட்டு இருக்கியே, புது வீட்டு வாசல்ல துலிப் வச்சே ஆகணும்னு எம் மவ ஒத்தக்கால்ல நிக்கா, நம்மூர்ல வருமா வராதா, வராதுன்னா வேற எத வைக்கலாம், நீயே ஒரு முடிவச் சொல்லு"ன்னு கேட்டாவ. அண்ணன் மவ காலேஜ் டூர்ல ஸ்ரீநகர் போயிட்டு வந்தவ, தால் ஏரிப் பக்கம் ஜபர்வான் மல அடிவாரத்துல இருக்கே அந்தப் பெரிய துலிப் தோட்டம், 2007ல தெறந்தது, அதப் பாத்துட்டு வந்ததுல இருந்து வீட்ல வேற பேச்சே இல்லையாம். நான் போன்ல ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிஞ்சிது, அதான் முழுசா எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். பாளையங்கோட்டையோ டவுனோ கேடிசி நகரோ, அந்தப் பக்கம் அம்பாசமுத்திரமோ வள்ளியூரோ, வெயில் ஏறக்குறைய ஒண்ணுதானே, எல்லாருக்கும் ஆகும்.

மொத விஷயம், துலிப் நம்மூர்ல பூக்கும். நானே ரெண்டு வருஷம் வச்சி, ரெண்டாவது வருஷம் பூக்க வச்சிருக்கேன். ஆனா ஒரே ஒரு தடவதான் பூக்கும், அடுத்த வருஷம் அதே கிழங்கு பூக்கவே பூக்காது. அதனால துலிப் வாங்குறவங்க செடி வாங்கலைங்க, ஒரு வாரத்துப் பூவுக்கு மூணு மாசம் முன்னாடியே துட்டு கட்டி வைக்காங்க, அவ்வளவுதான். இது புரிஞ்சி மனசு ஒத்துக்கிச்சின்னா தாராளமா வாங்கலாம், நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் வாசல்ல பூக்கணும், தொட்டி நெறைய பெருகணும்னு நெனச்சா துலிப் உங்களுக்கு ஆகாது, வேற கிழங்கு இருக்கு, அதையெல்லாம் கீழ சொல்லுதேன்.

ஏன் இப்படின்னு கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா இங்கதான் நெறய பேரு தப்பா நெனச்சிருக்காங்க. "நம்மூரு வெயில்ல துலிப் பொசுங்கிரும்"னு சொல்லுதாங்க, அது பாதிதான் நெசம். துலிப்போட சொந்த ஊரு மத்திய ஆசியா, தியான் ஷான் மலப்பக்கம், அங்க கோடையில மழையே இல்லாம காஞ்சி கெடக்கும், அந்த மாசமெல்லாம் கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கிட்டு இருக்கும். சும்மா தூங்கல, அந்தத் தூக்கத்துலதான் உள்ளுக்குள்ள பூ மொட்டே உருவாகுது, நீங்க கடையில வாங்குற கிழங்க நீளவாக்குல வெட்டிப் பாத்தா நடுவுல குட்டியா பூ இருக்கும். அப்பறம் பனிக்காலம் வருது, ரெண்டு டிகிரில இருந்து ஏழு எட்டு டிகிரி வரைக்கும் பன்னெண்டு வாரம், சில ரகத்துக்கு பதினாறு வாரம் கூட அந்தக் குளிர்ல இருக்கணும். அந்தக் குளிர்லதான் கிழங்குல இருக்க மாவுச்சத்து சக்கரையா மாறுது, தண்டு நீளுறதுக்குத் தெம்பு கெடைக்குது. குளிரே படலன்னா இல வரும், பூ மட்டும் மண்ணு மட்டத்துலயே கழுத்துல மாட்டுன மாதிரி நின்னு அப்படியே காஞ்சி போயிரும். அப்போ நம்மூர்ல மொதப் பிரச்சன வெயில் இல்ல, குளிர் இல்லாததுதான். மார்கழி ராத்திரில போத்திப் படுத்தாலும் இங்க இருபது டிகிரிக்குக் கீழ போறதே அபூர்வம். மாஞ்சோலை மலைக்கு கொண்டு போயி வச்சா வருமான்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு, அங்க குளிரும்தான், ஆனா மூணு மாசம் விடாம ஏழு டிகிரில நிக்காதே.

இன்னொண்ணு, துலிப் கிழங்கு நம்ம வாழ மாதிரி. கொல தள்ளுன வாழ மறுபடி தள்ளுமா, தாய் மரம் போயி பக்கக் கன்னுதானே வருது. துலிப்பும் அப்படித்தான், பூத்து முடிஞ்ச தாய்க்கிழங்கு கரைஞ்சி போயி, அந்த எடத்துல பிள்ளக் கிழங்குக உண்டாகும். அந்தப் பிள்ளைக பெருக்கணும்னா பூ உதுந்த பொறவும் இல பச்சையா ரெண்டு மாசம் கிட்ட நிக்கணும், அதுவும் குளுந்த வெயில்ல. நம்மூர்ல தை கடைசில பூத்துச்சின்னா மாசி பொறந்து பத்து நாளுல வெயில் ஏறிரும், இல மஞ்சளாயி படுத்துரும், பிள்ளக் கிழங்கு சின்ன உள்ளி அளவுகூட பெருக்காது. டெல்லிலயே பாருங்க, அங்க ரோட்டோரம் மாசி மாசம் பூக்க வைக்காங்கல்ல, அதுக்கு நெதர்லாந்துல இருந்து கிழங்கு வரவழைச்சித்தான் நடுதாங்க. அவ்வளவு குளிருற டெல்லிக்கே அந்தக் கதைன்னா நம்ம எம்மாத்திரம். ஸ்ரீநகர் தோட்டங்கூட பங்குனி சித்திரையில ஒரு மாசம் போலதான் தெறந்திருக்கும், மத்த மாசம் போனா பூ கெடையாது, அத அண்ணன் மவகிட்ட சொன்னப்போதான் அவளுக்கு கொஞ்சம் வெளங்கிச்சி.

சரி, அப்படியும் துலிப்தான் வேணும்னா எப்படி. எங்க வீட்டுக் கதையவே சொல்லுதேன். மொத வருஷம் கார்த்திகையில பத்து கிழங்கு ஆன்லைன்ல வாங்குனேன். குளிருக்காக ஃபிரிட்ஜ் காய்கறி டிரேல போட்டு ஆறு வாரம் வச்சேன். அதே டிரேலதான் ஆப்பிளு, கொய்யா, மாம்பழம் எல்லாம் கெடந்துச்சி. பொங்கல் கழிச்சி நட்டேன், பத்துலயும் இல வந்துச்சி, பாக்கவே அழகா நீலம் கலந்த பச்சையில, ஆனா ஒரே ஒரு பூதான், அதுவும் தண்டே இல்லாம இலைக்குள்ள உக்காந்தபடி வாய தெறக்காம காஞ்சிருச்சி. அழுகையே வந்துருச்சி எனக்கு. ரெண்டு தப்பு. வாரம் பத்தல, அது ஒண்ணு. பழம் பழுக்கும்போது எத்திலீன்னு ஒரு வாயு விடும், அது உள்ள இருக்க மொட்டையே கொன்னுரும், அது ரெண்டு. ஆப்பிளும் வாழப்பழமும் இருக்க ஃபிரிட்ஜ்ல துலிப் கிழங்க வைக்கவே கூடாது, இத யாரும் கவர் மேல எழுதி அனுப்ப மாட்டாங்க.

ரெண்டாவது வருஷம் புரட்டாசி கடைசிலயே கிழங்கு வந்துருச்சி. வீட்ல எல்லார்ட்டயும் சொல்லி கீழ்த்தட்ட ஒதுக்கிட்டேன், மூணு மாசத்துக்கு பழம் எதுவும் ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன், பழம் வாங்குனா அன்னன்னைக்கு வெளிய வச்சே தின்னு தீத்தோம். கிழங்க பிளாஸ்டிக் கவர்ல கட்டாம காத்து போற மாதிரி பேப்பர் பையில வச்சி, வாரம் ஒருக்கா எடுத்து பூசணம் புடிச்சிருக்கான்னு தடவிப் பாத்தேன். கடைசி அஞ்சு வாரம் இருக்கும்போது சின்னத் தொட்டில நட்டு, தொட்டியோடவே ஃபிரிட்ஜுக்குள்ள வச்சேன், ஏன்னா குளிர்லதான் வேரும் எறங்கும், வேரில்லாம வெளிய எடுத்தா நம்ம சூட்டுக்கு இல மட்டும் ஓடியாந்துரும். மண்ணு ஒண்ணும் பெரிசில்ல, பாதி கோகோபீட்டுன்னு விக்கிற தேங்கா நாருத் தூளு, பாதி பெருமணலும் செம்மண்ணும், தண்ணி நிக்காம இருந்தாப் போதும், கிழங்குக்குள்ளயே சாப்பாடு இருக்கதால உரம் வேண்டாம். கிழங்குல ஒரு பக்கம் தட்டையா இருக்கும், அந்தப் பக்கத்த தொட்டி விளிம்பப் பாத்து வச்சா மொத பெரிய இல வெளிய சாயும், பூ நடுவுல கூட்டமா நிக்கும், இது சின்ன விஷயந்தான் ஆனா பாக்க அவ்வளவு எடுப்பா இருக்கும்.

பதினாலு வாரம் முடிஞ்சி பொங்கல் வாக்குல வெளிய எடுத்தேன். இங்கதான் கவனம். எடுத்த ஒடனே தட்டட்டில, அதான் மொட்டமாடில, வெயில்ல வச்சா செஞ்ச வேலை எல்லாம் வீணாப்போகும். நான் வடக்குப் பாத்த ஜன்னல் பக்கம் பட்டாசல்ல, அதான் ஹால்ல, வச்சேன், காலைல ஒம்போது மணி வரைக்கும் மட்டும் வெளிய வெயில் காட்டுனேன், மண்தொட்டியச் சுத்தி ஈரச்சாக்கு கட்டுனேன், மண்பானைத் தண்ணி எப்படி குளுந்து கெடக்கோ அதே கணக்குதான். ராத்திரி ஏசி போடுற ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போயிருவேன். பத்துல ஏழு பூத்துச்சி. சிவப்புல அடிப்பக்கம் கருப்பு வச்ச பூ, உச்சி நேரம் விரியும், பொழுது சாஞ்சா மூடிக்கும், சூடு குளிருக்கு ஏத்தபடி அது அப்படித்தான் தெறந்து மூடும். ஒவ்வொரு பூவும் அஞ்சு நாள்தான் நின்னுச்சி, குளிர்ப் பிரதேசத்துல ரெண்டு மூணு வாரம் கூட நிக்குமாம். எங்க அம்மை கால் முடியாதவ, கட்டில விட்டு எறங்க மாட்டா, அவ பக்கத்துல ஸ்டூல் போட்டு தொட்டிய வச்சிருந்தேன். கோயிலுக்குக் கேந்தியும் பிச்சியும் கட்டியே பழகுன கையில்ல, அந்த இதழத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு "இது என்னளா, மெழுகுல செஞ்ச மாதிரி இருக்கு"ன்னா. அந்த அஞ்சு நாளுக்கு நான் குடுத்த 650 ரூபாயும் மூணு மாச ஃபிரிட்ஜ் தட்டும் எனக்கு அதிகமாவே தெரியல. ஆனா மூணாவது வருஷம் வாங்கல, அதையும் சேத்து சொல்லிருதேன். கல்யாணம், பிறந்தநாள், யாராவது ஊர்ல இருந்து வாராங்கன்னு ஒரு தேதிக்குப் பூ வேணும்னா திரும்பவும் பண்ணுவேன்.

வாங்கும்போது ரெண்டு மூணு விஷயம். துலிப் விதைன்னு பாக்கெட்ல விப்பாங்க, நீலக் கலரு, ஏழு கலருன்னு படம் போட்டிருப்பாங்க, தொடவே தொடாதீங்க. வெதையில இருந்து வந்தா பூக்க அஞ்சு ஆறு வருஷம் ஆகும், அதுவும் குளிர் நாட்டுல. அசல் நீலத்துல துலிப்பே கெடையாது, நீலம்னு சொல்லுறதெல்லாம் ஊதாதான். கிழங்கு கனமா, கெட்டியா, சுத்தளவு பன்னெண்டு சென்டிமீட்டருக்கு மேல இருக்கணும், சின்னது வாங்குனா இலையோட முடிஞ்சிரும். ஏற்கனவே குளிர்ல வச்சி தர்ற கிழங்கு சில பேரு மார்கழில அனுப்புதாங்க, ஃபிரிட்ஜ்ல எடம் இல்லாதவங்களுக்கு அதுதான் வழி, ஆனா அவங்க எத்தன வாரம் வச்சாங்கன்னு கேட்டு வாங்கணும், கூரியர்ல நாலஞ்சு நாள் சூட்டுல கெடந்து வந்தா பிரயோஜனம் கொறையும். எங்க சித்தி மவ ஒருத்தி அப்படி வாங்கி ஒண்ணுகூட பூக்கல.

அப்பறம் இது முக்கியம், துலிப் கிழங்கு பாக்கறதுக்கு அச்சு அசலா பல்லாரி வெங்காயம் மாதிரியே இருக்கும், அதுவும் ஃபிரிட்ஜ்ல காய்கறி பக்கத்துல. ரெண்டாம் உலகப் போர்ல, 1944-45 பஞ்சத்துல நெதர்லாந்துக்காரங்க வேற வழியில்லாம இதத் தின்னுருக்காங்க, ஆனா இதுல நஞ்சு இருக்கு, வயித்தப் பெரட்டும், நாய் பூனைக்கு இன்னும் கெடுதல். கிழங்குல வடியுற பால் பட்டா சில பேருக்கு வெரல்ல அரிப்பு வந்து தோல் வெடிக்கும். பை மேல தமிழ்ல கொட்டை எழுத்துல "சமையலுக்கு இல்ல"ன்னு எழுதி ஒட்டுங்க, வீட்ல வேலைக்கு வர்ற அக்காகிட்டயும் வாயால சொல்லிருங்க.

இப்போ அடுத்ததுக்கு வாரேன், என் மனசுக்குப் பிடிச்சது இதுதான். சியாம் துலிப். பேருதான் துலிப், ஆனா இது நம்ம மஞ்சளுக்கு சொந்தக்காரி, குர்குமா அலிஸ்மட்டிஃபோலியான்னு சொல்லுவாங்க, தாய்லாந்துல காட்டுலயே தானா கூட்டங்கூட்டமா பூக்கும், அங்க சையபூம்ங்கற பக்கம் மழ மாசத்துல இதப் பாக்கவே சனம் போகும். நீளத் தண்டு, நுனில ரோஸ் கலர்ல அடுக்கடுக்கா இதழு மாதிரி, தூரத்துல இருந்து பாத்தா துலிப்புன்னே சொல்லிருவோம். உண்மையில அது பூவிதழ் இல்ல, இலதான் அப்படி கலரு மாறி நிக்குது, அசல் பூ அடுக்குக்குள்ள ஊதாவுல சின்னதா எட்டிப் பாக்கும். அதனாலதான் அவ்வளவு நாள் நிக்குது, எங்க வீட்டுத் தொட்டில ஒரு தண்டு மூணு வாரத்துக்கு மேல நின்னுச்சி, வெட்டி கிளாஸ் தண்ணில வச்சாலும் பத்து நாளுக்குக் கொறையாது. துலிப் அஞ்சு நாள், இது மூணு வாரம்.

வளக்குறதுக்கு, மஞ்ச வச்சவங்களுக்கு ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம். கிழங்குக்கு அடில உருண்ட உருண்டையா தண்ணி சேத்து வச்ச வேரு தொங்கும், அது ஒடியாம பாத்து வாங்குங்க, ஒடிஞ்சாலும் மொளைக்கும் ஆனா சுணங்கும். சித்திரையில நட்டா ஆனி ஆடில பூ ஆரம்பிக்கும், குத்தாலத்துல சாரல் அடிக்கும்போது நம்ம பக்கமும் காத்து குளுந்து வருமே, அந்த நேரம் அதுக்கு கொண்டாட்டம், புரட்டாசி வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டே இருக்கும். முழு வெயில் வேண்டாம், வேப்பமரத்து நெழலு, இல்லன்னா நெழல்வலைக்குக் கீழ. தண்ணி நெறய வேணும், தெனமும். இதுல எனக்குப் பட்ட அனுபவம், போர் தண்ணி ஊத்துன தொட்டில இல நுனியெல்லாம் கருகிருச்சி, ஆத்துத் தண்ணி ஊத்துன தொட்டில பச்சப் பசேர்னு நின்னுச்சி. எங்க தெருவுல போர் தண்ணி உப்பு. உங்களுக்கும் உப்புத் தண்ணிதான்னா தாமிரபரணித் தண்ணி வர்ற நாளுல ரெண்டு கொடம் பிடிச்சி இதுக்குன்னு வச்சிருங்க.

இதுல ஒரே ஒரு எடத்துலதான் நம்மூரு கிளைமேட் எதுக்க நிக்கும். ஐப்பசி கார்த்திகையில பகல் சுருங்க ஆரம்பிச்ச ஒடனே இது தூங்கப் போயிரும், இல மஞ்சளாகும், தாய்லாந்துல அந்த நேரம் மழ முடிஞ்சி காய ஆரம்பிக்கும், நமக்கோ அப்பதான் அடைமழையே. தூங்குற கிழங்கு மேல ரெண்டு வாரம் மழ ஊத்துனா அழுகி நாறிப்போகும். மொத வருஷம் எனக்கு எட்டுல மூணு அப்படிப் போச்சி. அதனால தரையில வைக்காம தொட்டில வச்சி, தீவாளி கழிஞ்ச ஒடனே தூக்கி சன்ஷேடுக்குக் கீழ வச்சிருங்க, தண்ணிய நிப்பாட்டிருங்க, மண்ணோடவே காஞ்சி கெடக்கட்டும், சித்திரைக்கு எடுத்துப் பிரிச்சா ஒண்ணு மூணா இருக்கும். பொங்கலுக்கு மஞ்சக் கொல வெட்டுறதுக்குள்ள இது நல்லா தூங்கிட்டு இருக்கும், அந்த நேரம் வாசல்ல ஒண்ணும் இருக்காது, அந்தக் கொறை உண்டு.

அந்தக் கொறையத் தீக்கத்தான் அமரில்லிஸ். அந்தப் பேர்ல விக்காங்க, நம்ம பக்கம் சும்மா லில்லின்னுதான் சொல்லுவோம், பழைய வளவு வீடுகள்ல கெணத்தடில ஆரஞ்சு கலர்ல பெரிய கொழாய் மாதிரி பூக்குமே அதுதான், தென் அமெரிக்காவுல இருந்து வந்தது. குளிரே கேக்காது, தூங்குறதுக்கு தண்ணியில்லாம காயுறதுதான் கேக்கும். மழ விட்டு மார்கழில இருந்து தண்ணிய நிப்பாட்டி, மாசி கடைசில ஒரு நாள் நல்லா தண்ணி விட்டா, பங்குனி சித்திரைக்கு இல வர்றதுக்கு முன்னாடியே தண்டு வந்து நாலு பூ நாலு பக்கம் பாத்து நிக்கும். நம்ம வருஷக் கணக்குக்கு அப்படியே ஒத்துப்போற கிழங்கு. நடும்போது கழுத்து வெளிய தெரியணும், முழுசா பொதைச்சா அழுகும். ஆடிக்குப் பொறவு கருப்புல வெள்ளையும் சிவப்பும் புள்ளி வச்ச புழு ஒண்ணு வரும், ஒரே ராத்திரில எலையத் தின்னு கிழங்கு வரைக்கும் எறங்கிரும், அத மட்டும் காலைல காலைல பாத்துப் பொறுக்கிப் போடணும், நான் வேப்பெண்ணெ கரைச்சி அடிக்கேன். ஆரஞ்சும் சிவப்பும் இங்க நாட்டுச்செடி மாதிரி கெடந்து வளருது, வெள்ளையும் ரெட்டை அடுக்கும் கொஞ்சம் சீர் பாக்கும். பெரிய கிழங்கு ஒண்ணு வாங்குறது வெல கூடத்தான், ஆனா பக்கத்து வீட்ல கேட்டா சும்மாவே கெடைக்கும். எனக்குக் கெடைச்சது எங்க பெரியம்மை வீட்டுக் கெணத்தடிக் கிழங்குதான், நாலு வருஷத்துல பதினாறாச்சி.

மழை லில்லிக்கு நெறய சொல்ல வேண்டாம். பத்து இருபது ரூபாய்க்கு கிழங்கு, ரோஸ், வெள்ள, மஞ்ச மூணும் இருக்கு, நடைபாத ஓரத்துல வரிசையா ஊன்டி விட்டா போதும், கோட மழ பெஞ்சி நாலாம் நாள் தரையே தெரியாம பூத்துரும், ஒரு நாள் ரெண்டு நாள்ல வாடிரும், அடுத்த மழைக்கு மறுபடி. உயரம் ஒரு சாண் தான், துலிப் மாதிரி கம்பீரம் வராது. ஆனா ஊர்ல இல்லாம ஒரு மாசம் போயிட்டு வந்தாலும் சாகாத செடி வேணும்னா இதுதான்.

சம்பங்கியையும் இந்தக் கணக்குல சேக்கணும்னு எங்க அம்மை சொன்னா. அதுவும் கிழங்குதான், மெக்சிக்கோவுல இருந்து வந்து நம்ம மாலையில எடம் பிடிச்சது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துல எடுத்த பிரஜ்வால் ரகம் மொட்டுல லேசா ரோஸ் அடிக்கும், தண்டு தெடமா வரும். கண்ணுக்கு துலிப் இல்ல, மூக்குக்கு துலிப்ப விட நூறு மடங்கு, ஏன்னா துலிப்ல பல ரகத்துக்கு வாசனையே கெடையாது. சாயங்காலம் வாசல்ல ரெண்டு தண்டு நின்னா தெரு முக்கு வரைக்கும் தெரியும். முழு வெயில் வேணும், ஒரே எடத்துல மூணு வருஷத்துக்கு மேல விட்டா வேர்ல நூற்புழு வந்து சீக்குப் பிடிக்கும், எடம் மாத்தணும், வேப்பம்புண்ணாக்கு போடணும். சாமிக்கும் தலைக்கும் பூ வேணுங்கற வீட்டுக்கு நான் இதத்தான் மொதல்ல சொல்லுவேன்.

செங்காந்தள் வைக்கலாமேன்னு மைனியே கேட்டாவ, நம்ம மாநிலப் பூவு, கார்த்திகைல வேலில நெருப்பு மாதிரி பூக்கும், துலிப்புக்கு தூரத்துச் சொந்தமுங்கூட. அழகுல எந்த துலிப்பும் பக்கத்துல நிக்காது. ஆனா கண்வலிக்கிழங்குன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அதுல இருக்க கோல்சிசின் ஆளையே கொல்லும், அண்ணன் வீட்ல அண்ணனோட பேரப்பிள்ள தவழுற வயசு, வாய்ல எதையும் போடும். அதனால அந்த வீட்டுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். பெரிய ஆளுக மட்டும் இருக்க வீடு, தோட்டம் தனியா வேலிக்குள்ள இருக்குன்னா ஆடில நட்டுக்கோங்க, கையில ஒற போட்டு தொடுங்க.

ஒண்ணு மறந்துட்டேன், பூவரசுக்கு இங்கிலீஷ்ல இந்தியன் துலிப் மரம்னுதான் பேரு. நாம இலையச் சுருட்டி பீப்பி ஊதுனமே அதே பூவரசுதான், காலைல மஞ்சளா மூடுன கிண்ணம் மாதிரி, உள்ள அரக்குக் கலரு, சாயங்காலம் ஆனா ரோஸா மாறி உதுரும். அண்ணன் வீட்டுப் பொறவாசல்ல ஒண்ணு நிக்கி, வண்டி நிறுத்த எடம் வேணும்னு வெட்டப் போறாங்களாம், வெட்டாதீங்கன்னு அண்ணன்ட்ட கெஞ்சிருக்கேன்.

இப்போ மைனி வீட்டு விஷயத்துக்கு வாரேன். வாசல் மேக்குப் பாத்தது, ரெண்டு மணில இருந்து ஆறு மணி வரைக்கும் செவுத்துல வெயில் அடிச்சி ராத்திரி எட்டு மணிக்குத் தொட்டாலும் சூடு இருக்கும், அந்த எடத்துல துலிப் வைக்கறதப் பத்தி யோசிக்கவே வேண்டாம், சியாம் துலிப்பும் அங்க கருகும். அந்தச் செவுத்தோரத்துக்கு சம்பங்கியும் அமரில்லிஸும்தான் தாங்கும். சியாம் துலிப் நாலு தொட்டி கெழக்குப் பக்கம், சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா, அங்க கொழா பக்கத்துல இருக்கதால தண்ணி ஊத்தவும் மறக்காது. படி ஓரத்துல மழை லில்லி. துலிப் வேணுங்கற பிள்ளைக்கு ஆறே ஆறு கிழங்கு, ஒரே ஒரு தொட்டி, அதுவும் உள்ள பட்டாசல்ல. ஆறுக்கு மேல வாங்குனா ஃபிரிட்ஜ் தாங்காது, மைனிக்கு ஏற்கனவே மாவு வாளி வைக்கவே எடம் இல்ல.

துட்டுக் கணக்கு பாத்தா, ஆறு துலிப் கிழங்குக்கு ஆகுற காசுல நாலு சியாம் கிழங்கும் ஒரு கைப்பிடி மழை லில்லியும் வாங்கிரலாம், மூணு வருஷம் கழிச்சி மொதல் காசு மண்ணோட போயிருக்கும், ரெண்டாவது பக்கத்து வீட்டுக்கெல்லாம் பிரிச்சிக் குடுக்குற அளவுக்கு வந்திருக்கும். மைனி இதக் கேட்டதும் துலிப்பே வேண்டாம்னுட்டாவ. நான்தான் விடல. பதினெட்டு வயசுப் பிள்ள ஆசைப்பட்டு கேக்கா, ஒரு வருஷம் அவ கையாலயே ஃபிரிட்ஜ்ல வச்சி, வாரா வாரம் எடுத்துப் பாத்து, அஞ்சு நாள் பூத்ததப் பாக்கட்டும், அப்பறம் அவளே முடிவு பண்ணட்டும்னு சொன்னேன். புரட்டாசிக்கு கிழங்கு சொல்லி வச்சிருக்கோம். அமரில்லிஸ் நான் தாரேன், பதினாறுல ஆறு எடுத்து வச்சாச்சி. சித்திரைக்கு சியாம் கிழங்கு பிரிக்கும்போது அவளையும் வரச் சொல்லிருக்கேன், "அத்தை, நானே மண்ணு கலக்கேன்"னுருக்கா.